சர்க்கரைக் குச்சியும் இயக்குநீரும்: ஒரு சொட்டுக் குருதியின் வரலாறு



அண்மையில் பெற்றோர் சந்திப்பு நாளில் ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல். அவருக்கு இனிப்பு நீர். அவருடைய மூத்த மகளுக்குத் தைராய்டுக் குறைபாடு. "சார், எனக்கு வீட்டுலேயே விரலக் குத்தி அஞ்சு நொடியில பார்த்துடறேன். மகளுக்கு மட்டும் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, நாள் கணக்கா காத்திருக்கணும். ரெண்டும் ரத்தம்தானே?" என்றார். கேள்வி எளியது. ஆனால் இதற்கு விடை சொல்ல நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. நம் அறிவியல் பாடநூல்களில் இடம்பெறாத வரலாறு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உடலின் சுரப்பிகள் சில பொருள்களைக் குருதியில் நேரே கலக்கின்றன. அவை தொலைவிலுள்ள உறுப்புகளைச் சென்றடைந்து அவற்றை இயக்குகின்றன. இவற்றுக்கு ஹார்மோன் என்ற பெயரை 1905-ஆம் ஆண்டு இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் முதன்முதலாக வழங்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். கிரேக்க மொழியில் 'தூண்டி எழுப்புதல்' என்னும் பொருளுடைய வேர்ச்சொல் அது. தமிழில் இதனை இயக்குநீர் என்கிறோம். இச்சொல்லை ஆக்கியவர் மூலப்பொருளை நன்கு உணர்ந்தே ஆக்கியிருக்கிறார். இன்சுலின் ஓர் இயக்குநீர். தைராய்டுச் சுரப்பி தரும் தைராக்சின் இன்னொன்று. அச்சுரப்பியை வேலை வாங்க மூளையடியிலிருந்து வரும் டி.எஸ்.எச். மற்றொன்று.

உடலில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருக்கும் ஒரு பொருள் உயிரையே தீர்மானிக்கும் என்ற எண்ணம் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் நெகிரி செம்பிலானும் மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது. இதைப் பலர் அறியார். சிரம்பானில் மாநில அறுவை மருத்துவராக இருந்த லெனர்ட் பிராடன் 1907-இல் பெரிபெரி நோயைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் அந்நோயால் மடிந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் தீண்டவில்லை என்பதை அவர் கண்டு எழுதினார். வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது சரியன்று. அதே 1907-இல் ஜெலுபு மாவட்டத்தில் சாலைத் தொழிலாளர்களிடையே ஆய்வைத் தொடங்கிய ஃபிரேசரும் ஸ்டாண்டனும், அரிசியைத் தீட்டும்போது ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது என்று நிறுவினர். அதுவே பின்னாளில் தையமின் என்று பெயர் பெற்ற உயிர்ச்சத்து. நம் பாட்டிமார் புழுங்கல் அரிசியை விடாமல் பற்றியிருந்ததற்கு அறிவியல் அளித்த சான்று இது. நிற்க.

சர்க்கரைக்கு வருவோம். நீரிழிவைக் கண்டறிய மருத்துவர்கள் நெடுங்காலம் குருதியை நாடவில்லை, சிறுநீரையே நாடினர். அமெரிக்க வேதியியலாளர் ஸ்டேன்லி பெனடிக்ட் 1908-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய நீலக் கரைசலோடு சிறுநீரைச் சேர்த்துக் காய்ச்சினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். சோதனைக் குழாயும் சாராய விளக்கும் போதும். சிறிய மருந்தகங்களில் கூடச் செய்யத்தக்க சோதனை. தோட்டத்து டிரசர் ஐயாக்கள் என்று நாம் அழைத்த மருத்துவ உதவியாளர்களின் காலத்துச் சோதனை இதுதான். 'இனிப்பு நீர்' என்னும் நம் வழக்கும், மலாய்க்காரர்களின் 'கெஞ்சிங் மானிஸ்' என்னும் வழக்கும் சிறுநீரைக் குறிப்பனவே. ஆனால் குருதியில் சர்க்கரை ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே சிறுநீரில் வழியும். குறைந்து போவதை இச்சோதனை காட்டாது. காட்டுவதும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலையைத்தான்.

1956-இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் கிளினிஸ்டிக்ஸ் என்னும் காகிதப் பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிறுநீரில் தோய்த்தால் நிறம் மாறும், காய்ச்சத் தேவையில்லை. அடுத்த பத்தாண்டுக்குள் அதே நிறுவனம் குருதிக்கும் பட்டை செய்தது. பெரிய சொட்டாகக் குருதி இட்டு, சரியாக ஒரு நிமிடம் காத்து, நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். 1970-ஐ ஒட்டி அந்நிறத்தைப் படிக்க ஒரு கருவியும் வந்தது. அதன் எடை ஒரு கிலோவுக்கும் மேல். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாக அதை யாரும் எண்ணவில்லை.

திருப்பம் வேறொரு துறையிலிருந்து வந்தது. லீலண்ட் கிளார்க் என்பவர், இதய அறுவையின்போது குருதியிலுள்ள உயிர்வளியை அளக்க மின்முனை ஒன்றை 1950-களில் அமைத்தவர். 1962-இல் அவரும் லயன்ஸ் என்பவரும் அம்மின்முனையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைப் படரவிடலாம் என்று முன்மொழிந்தனர். நொதி சர்க்கரையை மட்டுமே தேடிப் பிடித்து ஆக்சிகரணம் செய்யும். அப்போது உயிர்வளி குறையும். எவ்வளவு குறைந்தது என்பதை மின்முனை சொல்லும். நிறத்தைப் பார்க்கும் கண்ணின் இடத்தில் மின்னோட்டம் வந்து அமர்ந்தது. மின்வேதி உணரி என்று இன்று நாம் சொல்வது இங்கே தொடங்குகிறது. அந்நொதியைத் தருவது அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சை. பழைய வெங்காயத்தின் தோலில் கரும்பொடியாகப் படிந்திருப்பது பெரும்பாலும் அதுவே. மாணவர்களுக்குக் காட்டுவதற்கு இதைவிட எளிய மாதிரி கிடைக்காது.

உயிர்வளியை நம்பியிருந்தவரை அது மருத்துவமனைக் கருவியாகவே இருந்தது. 1984-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பெர்ரோசீன் என்னும் இரும்புச் சேர்மத்தை இடையாளாக அமர்த்தினர். நொதியிடமிருந்து எதிர்மின்னிகளைப் பெற்று மின்முனையில் சேர்ப்பது அதன் வேலை. 1987-இல் மெடிசென்ஸ் நிறுவனம் எழுதுகோல் வடிவில் எக்ஸாக்டெக் என்னும் கருவியை வெளியிட்டது. கருவியைவிட முதன்மையானது அதில் செருகும் பட்டை. கரிமையைப் பிளாஸ்டிக் தாளின்மேல் திரை அச்சில் இழைத்து, நொதியையும் இடையாளையும் அதன்மேல் பூசி, துண்டு துண்டாக வெட்டிவிடலாம். பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பனியனில் இல்லப் பெயரை அச்சிடுகிறோமே, அதே முறைதான். மையில் மட்டும் வேறுபாடு. ஆயிரக்கணக்கில் அச்சிடலாம், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியலாம். கழுவுதல் இல்லை; துருப்பிடித்தல் இல்லை; ஒருவர் குருதி இன்னொருவரைத் தொடுவதும் இல்லை. விலையுயர்ந்த பகுதி கருவியில் நிலையாக இருக்க, அழுக்காகும் பகுதி மட்டும் மலிவாகிவிட்டது. அந்த அம்மா வீட்டில் ஐந்து நொடியில் பார்ப்பது இந்த அமைப்பின் வழித்தோன்றலைத்தான்.

மின்வேதியியல் என்றதும் நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவின் நடுவண் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் தில்லியிலோ பம்பாயிலோ இல்லை, காரைக்குடியில் இருக்கிறது. அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தவர் வள்ளல் அழகப்ப செட்டியார். 1948 சூலை 25-ஆம் நாள் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14-ஆம் நாள் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அழகப்பரின் தொழில்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களும் அடங்கும். எந்தத் தோட்டத்துப் பணம் எந்தக் கட்டடமாயிற்று என்று கணக்கிட முடியாது, கணக்கிடத் தேவையுமில்லை. ஆயினும் விடியற்காலையில் பால் வெட்டிய கைகளுக்கும் காரைக்குடியின் மின்முனைகளுக்கும் இடையே ஓர் உறவு இருப்பதாக எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது.

சரி, சர்க்கரைக்கு இயன்றது இயக்குநீருக்கு ஏன் இயலவில்லை? முதற்காரணம் அளவு. நலமுள்ள ஒருவரின் முழுக் குருதியிலும் உள்ள சர்க்கரையைத் திரட்டினால் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி தேறும். வெறும் வயிற்றில் அதே குருதியிலுள்ள இன்சுலினைத் திரட்டினால் ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்குதான். எண்ணிக்கையில் சொன்னால், ஓர் இன்சுலின் மூலக்கூறுக்குச் சுமார் பத்துக் கோடி சர்க்கரை மூலக்கூறுகள். டி.எஸ்.எச். அதனினும் குறைவு. இரண்டாவது காரணம், சர்க்கரையைத் தின்ன ஒரு நொதி ஆயத்தமாக இருக்கிறது. அது ஓயாது வேலை செய்து மின்னோட்டத்தைப் பெருக்கித் தருகிறது. இன்சுலினுக்கோ டி.எஸ்.எச்.சுக்கோ அப்படித் தின்று மின்னோட்டம் தரும் நொதி இல்லை.

அதனால் தொடக்கத்தில் இயக்குநீரை அளக்க உயிர்களையே கருவியாக்கினர். இன்சுலினின் வலிமையை முயலுக்கு ஊசி போட்டு அளந்தனர். கருவுற்ற பெண்ணின் சிறுநீரிலுள்ள இயக்குநீரை எலிக்கும் முயலுக்கும், பின்னர் ஆப்பிரிக்கத் தவளைக்கும் செலுத்திக் கண்டறிந்தனர்.

இந்நிலையை மாற்றியவர்கள் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய இருவர்: இயற்பியல் படித்த ரோசலின் யாலோ, மருத்துவர் சாலமன் பெர்சன். யாலோவின் முதல் ஆய்வுக்கூடம் துப்புரவுப் பணியாளரின் பொருள் வைக்கும் சிற்றறையாக இருந்தது. நீரிழிவு நோயாளிகளின் உடலில் இன்சுலின் விரைவாக அழிந்துவிடுகிறது என்றொரு கருத்து அப்போது இருந்தது. அதைச் சோதிக்க, கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை அவர்கள் செலுத்திப் பார்த்தனர். நடந்தது நேர்மாறு. ஏற்கெனவே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் குருதியில் அது நீண்ட நேரம் தங்கியது. விலங்கின் இன்சுலினுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதைப் பற்றிக்கொண்டிருந்ததே காரணம். இவ்வளவு சிறிய புரதம் எதிர்ப்பொருளைத் தூண்டாது என்பது அன்றைய நம்பிக்கை. ஆகவே இதழ்கள் கட்டுரையை மறுத்தன. தலைப்பிலிருந்து 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லை எடுத்த பிறகே 1956-இல் அது அச்சேறியது. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பத்திரமாக வைத்திருந்து, 1977-இல் நோபெல் பரிசு பெற்றபோது தம் உரையில் வெளியிட்டார். அத்தகைய கடிதங்களைக் கிழித்தெறியக் கூடாது போலும்!

அவர்கள் அடுத்துச் செய்ததுதான் பெரிய செயல். எதிர்ப்பொருள் இன்சுலினைப் பற்றுமானால், அதையே அளவுகோலாக்கலாம் அல்லவா? பள்ளிப் பேருந்தில் நாற்பது இருக்கைகள் என்று வைத்துக்கொள்வோம். சிவப்புச் சட்டை அணிந்த நாற்பது மாணவரை ஏற்றினால் எல்லா இருக்கையும் சிவப்பு. அவர்களோடு எண்ணிக்கை தெரியாத வெள்ளைச் சட்டை மாணவர்களும் முண்டியடித்து ஏறினால், சிவப்பு குறையும். எவ்வளவு குறைந்தது என்பதைக் கொண்டு வெள்ளைச் சட்டையர் எத்தனை பேர் என்று கணிக்கலாம். இருக்கை எதிர்ப்பொருள், சிவப்புச் சட்டை கதிரியக்க இன்சுலின், வெள்ளைச் சட்டை நோயாளியின் இன்சுலின். 1959-60-இல் இம்முறை வெளியானது. முதிர்ந்த வயதில் நீரிழிவு வந்தவர்கள் பலரிடம் இன்சுலின் இல்லாமலில்லை, மாறாக மிகுதியாகவே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிய வந்தது. இருவரும் இதற்குக் காப்புரிமை கோரவில்லை. பெர்சன் 1972-இலேயே மறைந்ததால் பரிசில் பங்கு பெறவில்லை.

இம்முறையால் நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பட்ட பயன் ஒன்றுண்டு. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் பிறப்புகளில் ஒரு குழந்தைக்குத் தைராய்டு போதிய அளவு இயங்குவதில்லை. பிறந்தவுடன் பார்க்க நலமாகவே இருக்கும். சில மாதங்களில் அறிகுறி தெரியும்போது மூளை வளர்ச்சியில் மீட்க இயலாத இழப்பு ஏற்பட்டிருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் தொடங்கினால் அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும், சண்டையிடும். மருந்தோ மலிவு; நாளுக்கு ஒரு மாத்திரை. 1960-களில் ராபர்ட் கத்ரி, குழந்தையின் குதிகாலில் எடுத்த குருதியைத் தாளில் உலர்த்தி வேறொரு நோயைச் சோதிக்கும் வழியைக் கண்டிருந்தார். கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ 1970-களின் முற்பகுதியில் அத்தாளில் யாலோ-பெர்சன் முறையைக் கொண்டு தைராக்சினை அளந்தார். அதுவே பச்சிளங் குழந்தைகளுக்கான தைராய்டுச் சோதனையின் தொடக்கம்.

மலேசிய அரசு மருத்துவமனைகளில் இச்சோதனை 2003 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இங்கே குதிகாலைக் குத்துவதில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடிக் குருதியை எடுக்கின்றனர். பிறந்த ஓரிரு நாளில் எல்லாக் குழந்தைக்கும் டி.எஸ்.எச். இயல்பாகவே உயர்ந்திருக்கும், அதற்குள் தாயும் சேயும் வீடு திரும்பிவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. இத்திட்டத்துக்கு முன் பிறந்து, காரணம் அறியப்படாமலேயே பின்வரிசையில் அமர்ந்து, 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் நாடெங்கும் இருந்திருப்பார்கள். அவர்களைத் திட்டிய ஆசிரியர்களும் இருந்திருப்பார்கள். ஒரு துளிக் குருதியின் அளவீடு எவ்வளவு பெரிய செய்தி என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவ்வகுப்பறைகளே மனத்தில் தோன்றுகின்றன.

கதிரியக்கம் நாளடைவில் விலகி, அதன் இடத்தில் நொதியும் ஒளியும் வந்தன. இன்று பல பெரிய ஆய்வகங்களில் டி.எஸ்.எச். அளக்கும் எந்திரங்கள் மின்முனையில் ஒளியைத் தூண்டி அளப்பவையே. அவை மேசையளவு இருக்கும். நாள்தோறும் அளவு சரிபார்க்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும்.

அதைச் சிறிய பட்டையில் அடக்க முடியுமா? ஓரளவு முடிந்திருக்கிறது. கருத்தரிப்பைக் காட்டும் பட்டையை எல்லாரும் அறிவர். ஒரே படியில் முடிவு சொல்லும் வகை 1988-இல் வந்தது. ஆனால் அது சிறுநீரில் ஆம், இல்லை என்ற விடையை மட்டும் தருவது, கேள்வியே அவ்வளவுதான். அதே பாணியில் டி.எஸ்.எச். குறிப்பிட்ட எல்லைக்கு மேலா கீழா என்று கோடு காட்டும் பட்டைகளும் உள்ளன. மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ மருத்துவருக்கு எண் தேவை, கோடு போதாது. மின்வேதி முறையில் எண்ணே தரும் பொருளும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் வெளிவந்த ஐ-ஸ்டாட் என்னும் கையடக்கக் கருவிக்குப் பின்னாளில் செய்த பெட்டிகளுள் இரண்டு, கருத்தரிப்பு இயக்குநீரையும் இதயம் சுரக்கும் ஓர் இயக்குநீரையும் குருதியில் பத்து நிமிடத்தில் அளப்பவை. ஒருமுறை பயன்படுத்தி எறிவதுதான். மலிவு என்று மட்டும் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த முயற்சி 2011-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் யூ சியாங்கும் யி லூவும் செய்தது. புதுக் கருவி எதற்கு, கடையில் கிடைக்கும் சர்க்கரைமானியே போதும் என்றார்கள். நாம் தேநீரில் இடும் சீனியைச் சர்க்கரைமானி காணாது. அது குளுக்கோசை மட்டுமே காணும். இன்வர்டேஸ் என்னும் நொதி சீனியைக் குளுக்கோசாக உடைக்கும். தேடும் பொருள் இருந்தால் மட்டும் இன்வர்டேஸ் விடுபடுமாறு அமைத்துவிட்டால், அப்பொருளின் அளவைச் சர்க்கரைமானியே சொல்லிவிடும். யுரேனியத்தைக்கூட இவ்வழியில் அளந்து காட்டினர். இந்தியாவில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நவகாந்த பட் குழுவினரின் ஆய்விலிருந்து 2015-இல் பிறந்த பாத்சோத் நிறுவனம், நீரிழிவாளருக்கான பல அளவீடுகளை ஒரே கையடக்கக் கருவியில் பட்டை மாற்றிச் செய்யும் வகையை உருவாக்கியது. 2021-இல் கோவிட் எதிர்ப்பொருளை மின்வேதி முறையில் அளக்கும் சோதனைக்கும் அது ஒப்புதல் பெற்றது. இயக்குநீருக்குத் தேவையான நுட்பமும் இதை ஒத்ததே.

இனித் தடை எங்கே? ஒன்று, கழுவுதல். எதிர்ப்பொருளில் ஒட்டாத மிச்சத்தை நீக்கினால்தான் சிறிய மின்னோட்டம் தெளிவாகத் தெரியும். ஆய்வகத்தில் எந்திரம் கழுவுகிறது. பட்டையில் யார் கழுவுவது? குருதியிலுள்ள வைட்டமின் சி, பாரசிட்டமால் போன்றவையும் மின்முனையில் தாமாகவே மின்னோட்டம் தரக்கூடியவை. சர்க்கரையின் பேரொலியில் இந்த முணுமுணுப்பு பெரும்பாலும் மறைந்துவிடும். இயக்குநீரை அதுவே மறைத்துவிடும். சர்க்கரைமானிக்கு மெய்யான அளவிலிருந்து 15 விழுக்காடு வரை விலக அனைத்துலகத் தரம் இடம் கொடுக்கிறது. பத்துக் கோடியில் ஒன்றைத் தேடும் பட்டைக்கு அந்த அளவு துல்லியமே அரிது.

மற்றொன்று நம் தட்பவெப்பம். வெங்காயப் பூஞ்சையின் நொதி உரமானது. உலர வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதற்கே டப்பாவின் மூடியில் ஈரமுறிஞ்சி வைத்து, உடனே மூடுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்ப்பொருள் அதைவிட மென்மையானது. ஆய்வுக் கட்டுரைகளில் குளிரூட்டிய அறையில் நன்கு வேலை செய்த பட்டை, தொழிற்சாலையிலிருந்து கப்பலேறி, கிடங்கில் கிடந்து, கடைசியில் பெடாஸ் நடுப்பகல் வெயிலில் நிற்கும் மகிழுந்தின் முன்பலகையில் இரண்டு மணி நேரம் காய்ந்த பிறகும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும் பட்டையைத் தேநீர் ஒன்றின் விலைக்குள் அச்சிடும் வழியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.